அற்புதம் அக்காவின் இஞ்சி பீர்

செய்தி சைக்கிளில் வந்தது. காலையில் சோடா கம்பெனியைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். சூசை அண்ணன் வாசலில் வந்து இறங்கினார். ஸ்டாண்டு போடாமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் ஏனோதானோவென்று விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. அந்தச் சாய்ந்த சைக்கிளைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அற்புதம் போயிட்டா தம்பி" என்றார். மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "ஜாடிக்கு இன்னும் சக்கர போடல. எவ்ளோ போடுவான்னு எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியும்தான?" என்றார்.

மனைவி இறந்த காலையில் ஒரு மனிதர் ஜாடிக்குச் சர்க்கரை போடவில்லையே என்று கவலைப்படுவது மற்றவர்களுக்கு விநோதமாக இருக்கும். விருத்தாசலத்தில் ரயில்வே கேட் பக்கம் ஒரு தடவையாவது தாகம் எடுத்து நின்றவர்களுக்கு அப்படி இருக்காது. ஆனாலும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா விற்றது இஞ்சி பீர். பெயரில்தான் பீர். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், அவ்வளவுதான் சரக்கு. ஆனால் அதைப் பொங்க வைக்க ஒரு ஜாடியில் 'செடி' வைத்திருந்தார். செடி என்றால் இலையும் வேரும் உள்ள செடி இல்லை. ஊறிய ஜவ்வரிசி மாதிரி ஜாடியின் அடியில் கிடக்கும். நாம் தயிருக்கு உறை மோர் வைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி. தினமும் அதற்குச் சர்க்கரையும் இடித்த இஞ்சியும் போட வேண்டும். போட்டால் பொங்கும். மறந்தால் பசியில் சுருண்டு செத்துவிடும். கல்யாணத்துக்கு முன்பு அக்கா ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் வீட்டில் சமையல் செய்தார். அந்தக் குடும்பம் கப்பலேறியபோது வீட்டம்மா கட்டிலைப் பக்கத்து வீட்டுக்கும், ஆர்மோனியத்தை மாதா கோயிலுக்கும், இந்த ஜாடியை அக்காவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா அதை அவர்கள் பாஷையில் செடி என்றுதான் சொல்வாராம். அக்காவும் அதையே தமிழில் சொன்னார்.

என் தொழில் வேறு. நான் சிலிண்டர் கேஸை பாட்டிலுக்குள் அடைத்துக் கோலி சோடாவும் இனிப்புக் கலரும் விற்கிறவன். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இத்தனை வருடமாக ஒரே வழக்கு: குடிக்கிற பொருளுக்குள் இருக்கிற காற்று வெளியிலிருந்து வரலாமா, உள்ளேயே பிறக்க வேண்டுமா? வழக்கு முற்றும்போதெல்லாம் அக்கா ஒரு வார்த்தை சொல்வார்.

"நான் செத்த அன்னைக்கே நீங்க அந்த ஜாடியக் கொண்டுபோயி சாக்கடையில கவுத்துடுவீங்க."

"கவுக்காம? நாலு பாட்டில் சோடா ஊத்தி ஜாடியக் கழுவியும் வைப்பேன்" என்பேன் நான்.

இப்போது அந்த நாள் வந்துவிட்டது. துக்க வீட்டுக்குப் போனேன். ஜாடி சமையலறை மூலையில் ஈரச் சாக்கு மேல் இருந்தது. சர்க்கரையும் இஞ்சியும் போட்டேன். உட்கார்ந்திருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கூட்டம், எறும்பு, கால் படுகிற இடம்; ஜாடியை அங்கே விட மனம் வரவில்லை. சேலத்திலிருந்து மகள் வந்து மறுநாள்தான் அடக்கம் என்று முடிவாகியிருந்தது. சூசை அண்ணனைக் கேட்டுக்கொண்டு ஜாடியை என் கம்பெனிக்கே எடுத்து வந்தேன். வைக்க இடம் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அக்கா உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு விஷயத்துக்கே என்னை ஒரு மாதம் பேசியிருப்பார்.

அது என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன். முதலில் அக்கா.

நான் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன். பஸ் ஸ்டாண்டில் கூடையில் வைத்துச் சோடா விற்று ஆரம்பித்து, பிறகுதான் பழைய மிஷின் ஒன்று வாங்கி இங்கே கம்பெனி வைத்தேன். போட்டிக்காரர் யார் என்று பார்க்கத்தான் முதல் முதலில் அக்கா கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை. தரையில் ஈர மணல், அதில் பாதி புதைந்த பீங்கான் பாட்டில்கள். செராமிக் கம்பெனியில் கழுத்து கோணி, மெருகு ஓடிக் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் சரக்கு. ஒன்று வாங்கினேன். ஐஸ் இல்லாமலே சில்லென்று இருந்தது.

"கடசி ரெண்டு மடக்க வுட்டுடுங்க" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. காசு கொடுத்தது முழு பாட்டிலுக்கு. அடியில் இருப்பதைத் திரும்ப ஊற்றி அடுத்தவனுக்கு விற்கிற வழி என்று நினைத்தேன். வியாபாரி புத்தி அப்படித்தான் போகும். அவர் பார்க்கும்போதே தலையைப் பின்னால் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்து, பாட்டிலை ஒரு தடவை கவிழ்த்தும் காட்டினேன். அன்று மத்தியானத்திலிருந்து நான் கொல்லைப்புறத்தை விட்டு நகரவில்லை. மறுநாள் அந்த வழியாகப் போனபோது அவர்தான் கூப்பிட்டார்.

"என்னாங்க, முழு காசும் வசூல் ஆயிடுச்சா?"

அடியில் தங்குவது செடியின் வண்டல். அதை அசைக்காமல், கலக்காமல், மேலே தெளிந்ததை மட்டும் குடிக்க வேண்டும். "மேல இருக்கறது ஒங்களுக்கு. அடியில இருக்கறது அதுக்கு" என்று அக்கா சொல்வார். கேட் பக்கம் வாடிக்கையாகக் குடித்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் வந்திருந்தது. வெளியூர் ஆளா உள்ளூர் ஆளா என்பதைக் கடைசி இரண்டு மடக்கில் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஆட்களில் சிலர் என் கடைக்கு வந்து கலர் குடிக்கும்போதும் கடைசி இரண்டு மடக்கை விட்டுவிட்டுப் போவார்கள். என் கலரில் வண்டலே கிடையாது. சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

அன்று ஆரம்பித்ததுதான் எங்கள் வழக்கு. இரண்டு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்கிறேன், அக்கா இப்போது பதில் சொல்ல முடியாது என்பதால் இன்னும் கவனமாகவே சொல்கிறேன்.

என் சோடா இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே அடுத்த மாதமும் இருக்கும். பஸ் டாப்பில் போட்டு எந்த ஊருக்கும் அனுப்பலாம். ஐஸ் பெட்டியில் வைத்தால் உச்சி வெயிலில் வந்தவனுக்குச் சுரீர் என்று ஏறும், அவன் கண்ணை மூடி ஒரு ஏப்பம் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவான். அக்காவின் பாட்டில் முதல் நாள் இனிக்கும், மறுநாள் சரியாக இருக்கும், அடுத்த நாள் புளிக்கும். மழை நாளில் பொங்காது, கத்திரி வெயிலில் பொங்கித் தொலைக்கும். ஆனால் அந்தச் சரியான நாளில் குடித்தால், ஐயா, என் சிலிண்டர் வெட்கப்பட வேண்டும். குமிழி கடுகை விடச் சின்னதாக இருக்கும். நாக்கில் வந்து உட்காரும். முதலில் எலுமிச்சை வாசம், அப்புறம் இஞ்சி, தொண்டை தாண்டிய பிறகுதான் இனிப்பு. என் சோடாவில் கேஸ் போய்விட்டால் மிச்சம் தண்ணீர்தான். அவருடையதில் குமிழி அடங்கிய பிறகும் குடிக்க ஏதோ இருக்கும்.

"ஒங்களுது மூக்கால குடிக்கறது. என்னுது நாக்கால" என்பார் அக்கா.

"ஒங்களுது காலையில ஒரு ருசி, சாயங்காலம் ஒரு ருசி. எதுக்குக் காசு குடுத்தோம்னு குடிக்கிறவனுக்கே தெரியாது" என்பேன்.

"ஒங்க வூட்டுக்காரங்க கூடத்தான் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மாத்திட்டீங்களா?"

என் மனைவி இதைக் கேள்விப்பட்டு அக்காவுக்குச் சிநேகிதியாகிவிட்டாள். அதோடு என் வீட்டிலும் எனக்கு ஆதரவு போயிற்று. அக்கா எனக்கு வைத்த பெயர் 'காத்து மொதலாளி'. காற்றை விற்று வீடு கட்டியவனாம். அந்தப் பெயர் கடைத்தெரு முழுக்கப் பரவி, என் சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே சந்தேகம் வரும் அளவுக்கு ஆனது.

மதுவிலக்கு இருந்த காலம் அது. அக்கா கொட்டகையில் யாரோ ஒரு வாடிக்கைக்காரர் அன்போடு ஒரு பலகை எழுதி மாட்டிவிட்டார்: 'சுத்தமான பீர்.' இஞ்சி என்ற வார்த்தைக்குப் பலகையில் இடம் போதவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஏட்டையா அதைப் பார்த்துவிட்டு வந்து நின்றார். அப்போது நானும் இருந்தேன், மங்கலம்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருந்த பீர் மைதீன் பாயும் ரயிலுக்காக அங்கே காத்திருந்தார்.

"இது எங்கருந்து வருது?" என்றார் ஏட்டையா.

"செடியிலருந்துங்க" என்றார் அக்கா.

ஏட்டையா முகம் மாறிவிட்டது. பீரோடு நிற்கவில்லை, கஞ்சா கேஸும் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். "செடியா? எங்க வளக்குற?"

"வூட்ல, சமையல்கட்டுலங்க."

"எத்தினி செடி?"

"ஒண்ணுதாங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் பாதி பாதி குடுத்துனு இருக்கேன்."

ஏட்டையா உடனே குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். பாய்தான் நடுவில் வந்தார். "ஏட்டையா, எம் பேரு பீர் மைதீன். எங்கள்ல பீருன்னா பெரியவங்க, மகான். எங்க வாப்பா, தாத்தா எல்லாரும் பீருதான். அப்ப எங்க குடும்பத்தையே புடிச்சினு போவணும் நீங்க. இந்தம்மா விக்கறது இஞ்சி மகான். ஒண்ணு குடிச்சுப் பாருங்க, நெஞ்சுல இருக்கற கரிப்பு போவும்."

ஏட்டையா குடித்தார். முகம் தெளிந்தது. இன்னொன்றும் கேட்டார். அக்கா கடைசி இரண்டு மடக்கைப் பற்றி அவரிடம் சொன்னார், நான் சாட்சி. அவர் கேட்கவில்லை. என்னைப் போலவே அவரும் கவிழ்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் ரோந்து வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. பலகையில் மட்டும் ஓரமாக இஞ்சி என்று நெருக்கி எழுதிச் சேர்த்தார்கள்.

அக்காவுக்கு என் சோடாவிடம் ஒரே பொறாமை, அது ஊர் ஊராகப் போகிறது என்பதுதான். "என்னுதும் போவும்" என்றார் ஒரு கோடையில். வேண்டாம் என்றேன். வீம்பு. தக்கையைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு கூடை பாட்டிலைத் திட்டக்குடி பஸ் டாப்பில் ஏற்றினார். தானே கூட வந்தார். எனக்குத் திட்டக்குடியில் வேலை இருந்ததால் நானும் அதே பஸ்ஸில். பெண்ணாடம் தாண்டியதும் மேலே டமார் என்றது. டிரைவர் டயர் என்று நினைத்து நிறுத்தினார். இறங்கி எல்லா டயரையும் தட்டிப் பார்த்தார். அப்போது மேலே இன்னொரு டமார்.

"டயரெல்லாம் நல்லா இருக்குது, சத்தம் மட்டும் வருதே" என்று டிரைவர் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வரிசையாகத் தக்கைகள் பறந்தன. ஜன்னல் வழியாக இஞ்சி மழை. நெற்றியில் வழிந்ததை நக்கிப் பார்த்த ஒரு பெரியவர், "இனிக்குது" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். அதன் பிறகு யாரும் ஜன்னலை மூடவில்லை. எல்லாரையும் விட அதிகம் சிரித்தது அக்காதான். ரோட்டோரம் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, இது ஊர வுட்டு வராதாம். சொல்லிடுச்சு" என்றார். தோல்வியை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்ட வியாபாரியை நான் வேறு பார்த்ததில்லை.

செராமிக் சூளை ஒன்றைச் சரி பார்க்க இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தபோது அவரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார்கள். எங்கள் வழக்கைக் கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கூட வந்த சூளை மேஸ்திரிதான் தமிழில் சொன்னார். அவர்கள் ஊரிலும் இதே சண்டையாம். பீர் மரப் பீப்பாயில் உயிரோடு இருந்து தானாகப் பக்குவமாக வேண்டும் என்று ஒரு கட்சி. அதை வடிகட்டி, குளிரவைத்து, இரும்புப் பீப்பாயில் கேஸ் அடைத்துத் தள்ளினால்தான் கெடாமல் இருக்கும் என்று இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர்கள் இரண்டாவதைப் பீர் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்களாம்.

"யாரு ஜெயிச்சாங்கன்னு கேளுங்க" என்றார் அக்கா.

இன்னும் முடியவில்லை என்று பதில் வந்தது.

"அவ்ளோ படிச்சவங்களாலயே முடியல. நாம எங்க முடிக்கப் போறோம்" என்று அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அந்த நிபுணர் முன்னால் இரண்டு பாட்டிலையும் வைத்தோம். சூளையில் வெந்து வந்த மனிதர். இரண்டையும் குடித்துவிட்டு, ஐஸில் கிடந்த என் கோலி சோடாவைத்தான் இன்னொன்று கேட்டார். நான் மீசையைத் தடவினேன். அக்கா அசரவில்லை. "அது தீர்ப்பு இல்ல, வெயிலு" என்றார்.

பீர் மைதீன் பாய் தன் மகள் கல்யாணத்துக்குப் பிரியாணிக்குப் பிறகு கொடுக்க இஞ்சிப் பானம் கேட்டார். அவருக்கு அக்காவுடையதுதான் வேண்டும். ஆனால் வீட்டுப் பெரியவர்கள், "பொங்கினது வாணாம், நமக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பொங்குகிற பொருளில் பொங்கியதன் போதை துளியாவது இருக்கத்தான் செய்யும். அக்காவே அதை மறைக்கமாட்டார். பாய் தலையைச் சொறிந்துகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, இஞ்சிச் சாறு ஒங்களுது. காத்து என்னுது. செடி உள்ளயே வராது" என்றேன் நான்.

"உசுரு இல்லாததுக்குப் பவுடர் போட்டு ஒக்கார வெக்கப் போறீங்க" என்றார் அக்கா. ஆனால் பாயின் மகளை அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஒப்புக்கொண்டார்.

முதல் தடவை இஞ்சி நார் மிஷினில் அடைத்துக்கொண்டது. இரண்டாம் தடவை கோலி நிற்காமல் நுரை வழிந்தது. அப்புறம் வந்தது குடிக்கும்படி இருந்தது, ஆனால் இஞ்சி ஒரு பக்கம் சர்க்கரை ஒரு பக்கம் என்று விலகி நின்றது. செடி உள்ளே இருந்தால் அது இரண்டையும் கைபிடித்துச் சேர்த்து வைக்கும் என்று அக்கா சொன்னார். செடி இல்லாமல் அந்த வேலையை எது செய்யும் என்று யோசித்து யோசித்து, இஞ்சியை எலுமிச்சைத் தோலோடு மெதுவாக ஊறவிட்டு, கொஞ்சம் வெல்லம் சேர்த்து, துணியில் இரண்டு முறை வடிகட்டிக் கொடுத்தார். அடைத்துக் குளிரவைத்து அவர் கையில் கொடுத்தேன். குடித்தார். கடைசி இரண்டு மடக்கை விட்டார். விட்டதைப் பார்த்து, அதற்குத் தேவையில்லை என்று நினைவு வந்து, அதையும் எடுத்துக் குடித்தார்.

"தப்பில்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கல்யாணத்தில் பாட்டில்கள் பந்தலுக்கு வந்த வேகத்தில் காலியாயின. இன்று நம் ஊரிலும் மங்கலம்பேட்டையிலும் நீங்கள் வாங்கிக் குடிக்கிற என் இஞ்சிக் கலர் அந்தப் பந்தலில் பிறந்ததுதான். அது அக்காவின் கைப்பக்குவம். ஊரெல்லாம் என்னைப் பாராட்டியபோது நான் சொன்னதை இப்போதும் சொல்கிறேன்: காற்று மட்டும்தான் என்னுடையது. அக்காவும் ஒரு படி இறங்கி வந்தார். "ஒங்க காத்துக்கிட்ட ஒரு நல்ல குணம் இருக்குது. சொன்ன பேச்சு கேக்குது. என் செடி கேக்காது" என்றார்.

பிறகு கள்ளுக்கடை, சாராயக்கடைகள் திறந்த காலம் வந்தது. நிஜமான பீரே கடையில் கிடைத்தது. கேட் பக்கத்து வாடிக்கை முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. கொட்டகை காற்று வாங்கியது. கொட்டகையை மூடிவிட்டு என்னோடு வந்துவிடுங்கள், இஞ்சிக் கலரை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"யாவாரம் இல்லன்னா ஜாடிக்குப் பசிக்காதா?" என்றார். விற்கிறதோ இல்லையோ, தினமும் சர்க்கரையும் இஞ்சியும் போனது. செடி வளர்ந்தால் பாதியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நெருக்கியடித்துக்கொண்டு அழுகும். கேட்டவர்களுக்கு எல்லாம் கொடுத்தார். கொண்டுபோன வீடுகளில் ஒன்றில்கூட அது நிலைக்கவில்லை. சிலர் மறந்தார்கள், சிலர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். கடைசியில் மிஞ்சியது அக்காவின் ஜாடி ஒன்றுதான்.

தனக்கு எமனாக வந்த அந்த நிஜ பீர் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒரு மத்தியானம் சூசை அண்ணனை விட்டு ஒரு பாட்டில் வாங்கிவரச் சொன்னார். மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றினோம். அக்கா மோந்து பார்த்தார், ஒரு மடக்கு குடித்தார், டம்ளரை விளக்குக்கு நேரே பிடிப்பது போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காத்து ஒங்களுது" என்றார் என்னிடம். "கசப்பு கவுருமெண்டுது. செடி எங்கங்க?"

சூசை அண்ணன் மூன்று டம்ளரையும் காலி செய்தார். கொஞ்ச காலத்தில் மறுபடி மதுவிலக்கு வந்து கடைகள் மூடப்பட்டன. ஆண்கள் அசடு வழியக் கொட்டகைக்குத் திரும்பினார்கள். பீர் என்று சொல்லும்போது சிலர் கண்ணடித்தார்கள். "கண்ணுல தூசியா?" என்று கேட்டுவிட்டு அக்கா அதே இஞ்சியைத்தான் கொடுத்தார்.

போன மாதம் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். ஜாடியைப் பக்கத்தில் நகர்த்தச் சொல்லி அதன் மேல் காதை வைத்துக் கேட்டார். உள்ளே பொங்குகிற சத்தம், மெல்ல அரிசி கொதிக்கிற மாதிரி. "பேசுது" என்றார். பிறகு பழைய கேள்வி: "கவுத்துடுவீங்கதான?" பழைய பதிலைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "மொதல்ல எந்திரிங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. சண்டை போடாத என்னை அவருக்குப் பழக்கமில்லை.

இனி ஜாடிக்கு வருகிறேன். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து நானும் சூசை அண்ணனும் நேராகக் கம்பெனிக்கு வந்தோம். முந்தின நாள் நான் ஜாடியை எறும்பு போகாமல் பத்திரமாக மூடியிருந்தேன். பத்திரம் என்றால் என் தொழில் பத்திரம். மூடிக்கு அடியில் ரப்பர் வாஷர், மேலே குறுக்கே கம்பிக் கட்டு. இத்தனை வருடமாக என் கை கற்றது ஒன்றுதான், காற்று வெளியே போகக் கூடாது.

சூசை அண்ணன் குனிந்து ஜாடியில் காதை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார்.

"சத்தம் இல்ல" என்றார்.

நான் வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. சிலிண்டர் எப்படி இருக்கிறதோ அப்படி இருந்தது ஜாடி.

"அவளோடயே போயிடுச்சு போல" என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் காலையிலிருந்து கல்லறை வரை அழாத மனிதர், அப்போதுதான் துண்டை எடுத்து முகத்தை மூடினார். வாயால் ஆயிரம் தடவை கவிழ்ப்பேன் என்று சொன்ன ஜாடி. ஒரே நாள் என் பொறுப்பில் இருந்தது, அதற்குள் இப்படி. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியை அவிழ்த்து, மூடியைத் திருகினேன்.

புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். என் கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கேட்கிற அதே சத்தம். மூடி கையை விட்டுப் போனது. ஜாடி நுரைத்துப் பொங்கி என் வெள்ளைச் சட்டையில், சூசை அண்ணன் வேட்டியில், சிலிண்டர் மேலெல்லாம் வழிந்தது. கம்பெனி முழுக்க இஞ்சி வாசம்.

கோலியைத் தட்டும் வரை சோடாவில் குமிழி தெரியாது. அழுத்தி அடைத்தால் காற்று தண்ணீருக்குள் ஒடுங்கிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், திறந்தால் எழுந்து வரும். இதைத் தொழிலாகச் செய்து வீடு கட்டியவன் நான். எனக்கு அது ஞாபகம் வரவில்லை. சூசை அண்ணன் முகத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். "தம்பி, அவள கோலி சோடா ஆக்கிட்டீங்களே" என்றார். பெண்ணாடம் ரோட்டில் அக்கா உட்கார்ந்து சிரித்தது போலவே இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம். வெளியே போன சிலர் எட்டிப் பார்த்துவிட்டு, துக்கத்தில் இப்படியும் ஆகும் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

எங்கள் வழக்கும் அந்த நுரையோடு ஒரு மாதிரி முடிந்தது. அவர் ஜாடிக்குள் பிறந்ததும் என் சிலிண்டரில் இருப்பதும் ஒரே காற்றுதான். ஒன்று சொன்ன பேச்சு கேட்கும், ஒன்று கேட்காது. இரண்டும் ஊருக்கு வேண்டும். அக்கா இருந்திருந்தால் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவைதான். அவர் வைத்த பெயர். எதைக் குடித்தாலும் கடைசி இரண்டு மடக்கை விடுகிற பழக்கம். டீயில்கூட விடுகிறேன், என் மனைவி திட்டுகிறாள். அப்புறம் அந்த ஜாடி. காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன் அதற்குச் சர்க்கரையும் இஞ்சியும் போடுகிறேன். சூசை அண்ணன் தினமும் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போகிறார். வாசலில் ஈர மணல் கொட்டி, கழுத்து கோணிய பீங்கான் பாட்டில்களை மீண்டும் புதைத்திருக்கிறேன்.

செடி வளர்ந்து நெருக்குகிறது. பாதியை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். அக்காவைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு கம்பெனிக்கு வாருங்கள். மூட ஒரு துணி போதும். மூடியை மட்டும் இறுக்காதீர்கள்.